நிலைப்படியின் பூர்வீகம்

மரம் விற்பனைக்கு வரும்போது அதன் வேரும் பட்டையும் இலையும் போய்விடுகின்றன. அது நின்ற நிலமும் கண்ணில் படுவதில்லை. எஞ்சியிருப்பது சட்டமும் பலகையும்தான். அந்தப் பலகை முறைப்படி வெட்டிய மரத்தினுடையதா, வெட்டிய இடத்தில் மரவளம் குன்றாமல் இருக்கிறதா என்று அறிய வாங்குபவருக்குக் கிடைப்பவை சில காகிதங்களும் கொஞ்சம் கணக்கும்தான். முதல் கேள்வி சட்டத்தைப் பற்றியது, இரண்டாவது நீடித்த பயன்பாட்டைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. எல்லா அனுமதியும் பெற்று வெட்டிய மரங்கள் ஒரு மலைச்சரிவை மொட்டையாக்கிவிட்டுப் போயிருக்கலாம். பிள்ளைபோல வளர்த்து வெட்டிய மரம் ஒரு சீட்டு வாங்காததால் வழியில் பறிமுதலாகலாம்.

திண்டுக்கல்–பழநி சாலையில் உள்ள ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஊர். மரக் கணக்கில் பார்த்தால் அது ஓர் எல்லை ஊர். ஊரைச் சுற்றி முருங்கையும் தக்காளியும் தென்னையும் விளையும் சமவெளி. தெற்கே பரப்பலாறு அணையைத் தாண்டினால் வடகாடு, பாச்சலூர் என்று பழநி மலைத்தொடர் ஏறத் தொடங்குகிறது. சமவெளித் தோட்டத்து வரப்பில் நின்ற தேக்கும் மலைச்சரிவில் நின்ற தேக்கும் ஒரே மரக்கடையில் பக்கத்துப் பக்கத்தில் சாத்தி வைக்கப்படலாம். இரண்டுக்கும் பொருந்தும் சட்டம் வேறு, கேட்க வேண்டிய சான்றும் வேறு.

மரம் வரும் வழிகள்

இந்த வட்டாரத்தில் வீடு கட்டுபவர் வாங்கும் மரம் பொதுவாக ஐந்து வழிகளில் வருகிறது. முதலாவது, சமவெளிப் பட்டா நிலத்து மரம். வேம்பு, பூவரசு, வாகை, புளி ஆகியவற்றோடு விவசாயிகள் வரப்பில் வைத்த தேக்கும் இதில் அடங்கும். இரண்டாவது, மலைத்தோட்டத்து மரம். காப்பித் தோட்டங்களில் நிழலுக்காகவும் மிளகுக்கொடி படரவும் வைத்த சில்வர் ஓக் இதற்கு எடுத்துக்காட்டு. மூன்றாவது, அரசு ஏலம். வனத்துறைக் கிடங்கில் விடும் ஏலமும், சாலை விரிவாக்கத்துக்காக வெட்டிய புளியமரம் போன்றவற்றின் ஏலமும் இதில் சேரும். நான்காவது, தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தில் இறங்கி, செங்கோட்டை போன்ற ஊர்களின் அறுவை மில்கள் வழியாக வரும் வெளிநாட்டு மரம். ஐந்தாவது, இடித்த வீட்டுப் பழைய மரம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடுகளின் பர்மாத் தேக்குத் தூண்களுக்கும் உத்தரங்களுக்கும் இன்றைக்கும் கிராக்கி உண்டு.

ஒரு மரத்துக்குச் சான்று கேட்பதற்கு முன், அது இந்த ஐந்தில் எந்த வழியில் வந்தது என்று கேட்க வேண்டும். ‘நல்ல நாட்டுத் தேக்கு’ என்பது வழியைச் சொல்லும் பதில் ஆகாது. எந்த ஊர், யாருடைய நிலம், எந்த ஏலம், எந்தக் கப்பல் என்று பதில் வரும்போதுதான் விசாரணையே தொடங்குகிறது.

சட்டம் எங்கே கோடு போடுகிறது

தமிழ்நாட்டில் வனத்துக்கு அடிப்படைச் சட்டம் 1882ஆம் ஆண்டின் வனச் சட்டம். காப்புக்காட்டு மரம் அரசின் சொத்து. அதை அரசு விற்றால்தான் அது சட்டபூர்வ மரம். பட்டா மரம் உடையவரின் சொத்து என்றாலும், அதை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோகும்போது 1968ஆம் ஆண்டின் தமிழ்நாடு மரப் போக்குவரத்து விதிகள் குறுக்கே வருகின்றன. தேக்கு, ஈட்டி போன்ற பட்டியல் மரங்களை ஏற்றிச் செல்ல வனத்துறையின் அனுமதிச் சீட்டு வேண்டும். பேச்சு வழக்கில் இதைத்தான் ‘பர்மிட்’ என்கிறார்கள். சவுக்கு, தைலமரம் போல வயலில் பயிராக வளர்ப்பவற்றுக்கு இந்தக் கெடுபிடி இல்லை. ஒரு மரம் பட்டியலில் இருக்கிறதா என்ற சந்தேகத்தை வனச்சரக அலுவலகத்தில் கேட்டுத் தெளிவது நல்லது. பட்டியல்கள் காலத்துக்குக் காலம் மாறுகின்றன.

மலையில் சட்டம் இன்னும் இறுக்கமானது. 1955ஆம் ஆண்டின் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி, மலைப்பகுதி என்று அறிவிக்கப்பட்ட ஊர்களில் சொந்தப் பட்டா நிலத்து மரத்தை வெட்டவும் மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவின் முன் அனுமதி தேவை. 1949ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டமும் மலைத்தோட்டங்கள் சிலவற்றுக்குப் பொருந்தும். ஆகவே மலையடிவாரத்து மரத்தை வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது புல எண்ணும் கிராமப் பெயரும். அந்தக் கிராமம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதியாக இருந்தால், பட்டாவும் சிட்டாவும் மட்டும் போதாது.

சில மரங்களுக்குத் தனி ஏற்பாடு உண்டு. சந்தன மரத்தைப் பட்டா நிலத்தில் வளர்க்கலாம், ஆனால் தானே வெட்டித் தானே விற்க முடியாது. அது வனத்துறை வழியாகத்தான் போக வேண்டும். ஈட்டி மரத்தைக் காக்கவென்றே 1994இல் தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்தது. பனைமரத்தை வெட்ட ஆட்சியரின் அனுமதி கட்டாயம் என்று மாநில அரசு 2021இல் அறிவித்தது. ஓட்டு வீட்டுக்குப் பனஞ்சட்டம் வாங்குகிறவர்களில் பலர் இதை இன்னும் அறியவில்லை.

நிலத்தின் தன்மையும் முக்கியம். புறம்போக்கு நிலத்து மரங்களுக்கு வருவாய்த்துறை கொடுக்கும் ‘2சி பட்டா’ என்னும் மரப்பட்டா, காயையும் கனியையும் அனுபவிக்கும் உரிமைதான். மரம் அரசுக்கே சொந்தம். அந்தப் பட்டாவைக் காட்டிப் புளியமரத்தை வெட்டி விற்பவர் தன்னுடையது அல்லாததை விற்கிறார். கோயில் நிலத்து மரமும் அப்படித்தான். குத்தகைதாரருக்கு நிலத்தை உழ உரிமை உண்டு, மரத்தை விற்க உரிமை இல்லை.

சங்கிலியின் கண்ணிகள்

பட்டா நிலத்துத் தேக்கு ஒன்று நிலையாகவும் கதவாகவும் மாறும் வரை அதைத் தொடர்ந்து வர வேண்டிய காகிதங்கள் ஒரு சங்கிலி. முதல் கண்ணி உரிமை: பட்டா, சிட்டா, அடங்கல், மரம் இவருடைய நிலத்தில்தான் நின்றது என்ற கிராம நிர்வாக அலுவலரின் சான்று. இரண்டாவது கண்ணி வெட்டும் அனுமதி, அது தேவைப்படும் இடத்தில். மூன்றாவது போக்குவரத்து அனுமதிச் சீட்டு. எத்தனை கட்டை, ஒவ்வொன்றின் நீளம், சுற்றளவு, எந்த வண்டி, எங்கிருந்து எங்கே, எந்தத் தேதி வரை செல்லும் என்பதெல்லாம் அதில் இருக்கும். கட்டைகளின் முனையில் வனத்துறைச் சுத்தியலால் அடித்த முத்திரையும் எண்ணும் இருந்தால் அவை சீட்டோடு ஒத்துப்போக வேண்டும். நான்காவது அறுவை மில். மரம் அறுக்கும் ஆலைகளுக்கு வனத்துறையின் உரிமம் கட்டாயம். கோதவர்மன் திருமுல்பாடு வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 12 அன்று பிறப்பித்த ஆணைக்குப் பிறகு இந்தக் கட்டுப்பாடு நாடு முழுக்க இறுகியது. உரிமம் பெற்ற மில், உள்ளே வந்த கட்டைக்கும் வெளியே போன சட்டத்துக்கும் பதிவேடு வைத்திருக்கும். ஐந்தாவது கடைக்காரரின் ஜிஎஸ்டி ரசீது.

இந்தக் காகிதங்களில் ஒவ்வொன்றும் ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்லும். ஜிஎஸ்டி ரசீது வரி கட்டப்பட்டதைச் சொல்கிறது. மரம் எங்கே வெட்டப்பட்டது என்பது அதற்குத் தெரியாது. இ-வே பில் சரக்கு எந்த வண்டியில் போனது என்பதைச் சொல்லும், மரம் யாருடையது என்பதைச் சொல்லாது. பட்டா என்பது நிலம் யாருடையது என்று காட்டும், இந்தக் கட்டை அந்த நிலத்தில் முளைத்தது என்று காட்டாது. ‘எல்லாம் பில்லோடதான் வருது’ என்ற கடைக்காரரின் பேச்சு உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த பில் எந்தக் கேள்விக்கு விடை என்று பார்க்காமல் தலையாட்டுவதில்தான் பலரும் ஏமாறுகிறார்கள்.

மாநிலம் தாண்டி வரும் மரத்துக்கு இப்போது ஒரு வசதி வந்திருக்கிறது. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023 டிசம்பர் 29 அன்று தேசிய வழிச்சீட்டு முறையைத் தொடங்கியது. அதில் தரப்படும் சீட்டில் கியூஆர் குறியீடு உண்டு. சோதனைச் சாவடியில் அதைக் கைப்பேசியால் சரிபார்க்க முடியும். காகிதத்தைத் திருத்தி எழுதும் பழைய தந்திரத்துக்கு இது ஓரளவு தடை.

கன அடிக் கணக்கு

காகிதம் அசலா என்று சோதிக்க எல்லாருக்கும் வசதி இருக்காது. கணக்குப் பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு பேனா போதும். உருட்டுக்கட்டையை அளக்க மரத்தொழிலில் பரவலாக உள்ள வழி, சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது. 48 அங்குலம் சுற்றளவும் 10 அடி நீளமும் உள்ள கட்டை என்றால் கால் சுற்றளவு 12 அங்குலம், அதாவது ஓர் அடி. ஓர் அடிக்கு ஓர் அடி, நீளம் 10 அடி. ஆக 10 கன அடி. உருளையின் உண்மைக் கன அளவு இதைவிடக் கால்பங்குக்குச் சற்று அதிகம். அறுக்கும்போது போகும் கழிவுக்கு இந்தக் கணக்கு முன்கூட்டியே இடம் விடுகிறது. அப்படியும் புறப்பலகை, வெள்ளை, மரத்தூள், வெடிப்பு, வளைவு எல்லாம் கழிந்தபின் கைக்கு வரும் வைரச் சட்டம் அந்த 10 கன அடியை எட்டாது.

வீட்டு முன்வாசல் நிலையை எடுத்துக்கொள்வோம். 7 அடி உயரம், மூன்றரை அடி அகலம், 5க்கு 3 அங்குலச் சட்டம், கீழே நிலைப்படியும் உண்டு. இரண்டு கால், மேலும் கீழும் இரண்டு குறுக்கு என மொத்த நீளம் 21 அடி. அதைப் 15 சதுர அங்குலத்தால் பெருக்கி 144ஆல் வகுத்தால் 2.19 கன அடி. ஒரு வீட்டுக்கு இப்படிப் பத்து நிலை என்றால் ஏறத்தாழ 22 கன அடி அறுத்த மரம். இதற்காக 10 கன அடி உருட்டுக்கட்டைக்கான பர்மிட் நகல் ஒன்றைக் கடைக்காரர் நீட்டினால் கணக்கு உதைக்கிறது. மீதி மரம் எங்கிருந்து வந்தது என்பதற்கு வேறு சீட்டு இருக்க வேண்டும். ஒரே பர்மிட்டைப் பல லோடுகளுக்குக் காட்டுவது மரத்தொழிலில் பழைய வித்தை. தேதியைப் பார்ப்பதும் இதற்காகத்தான். போன வருடத்துச் சீட்டு, ஈரம் காயாத இந்த வாரத்துக் கட்டைக்குச் சாட்சி ஆகாது.

மரமே சொல்லும் சாட்சி

சீட்டில் எழுதிய மரமும் கையில் இருக்கும் மரமும் ஒன்றுதானா என்பது அடுத்த சோதனை. அனுபவமுள்ள ஆசாரி இழைப்புளியை நாலு இழுப்பு இழுத்து, சுருளை முகர்ந்து, விரலால் தேய்த்துப் பார்ப்பார். தேக்குக்குத் தோலைப் போன்ற ஒரு வாடையும் எண்ணெய்ப் பிசுக்கும் உண்டு. கட்டையின் குறுக்குவெட்டு முகத்தைக் கூரிய கத்தியால் சீவி, நனைத்து, பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பார்த்தால் தேக்கில் ஆண்டு வளையம் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் பெரிய துளைகள் வரிசைகட்டி நிற்கும். ஈட்டியில் துளைகள் அங்கங்கே சிதறியிருக்கும். நிறம் ஊதா கலந்த பழுப்பு. வேங்கைச் சீவலைக் கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் போட்டு வெயிலில் பிடித்தால் பழுப்பு நீரின் விளிம்பில் நீலச் சாயல் தெரியும்.

இந்தச் சோதனைகள் மர இனத்தைச் சொல்லும், ஊரைச் சொல்லா. தோட்டத்துத் தேக்கும் காட்டுத் தேக்கும் லென்ஸுக்கு ஒன்றுபோலவே இருக்கும். பெரிய கொள்முதல் என்றால் பெங்களூருவில் உள்ள மர அறிவியல் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம், டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் போன்ற இடங்களுக்கு மாதிரி அனுப்பி இனத்தை உறுதி செய்துகொள்ளலாம். குறிப்பிட்ட மரம் குறிப்பிட்ட அடிக்கட்டையிலிருந்து வந்ததா என்று நிறுவ மரபணு ஆய்வு தேவைப்படும்.

அப்படி ஓர் ஆய்வு தென்னிந்தியாவில் பெரிய வழக்கு ஒன்றில் உதவியது. பட்டா நிலத்தில் விவசாயிகள் தாங்கள் வளர்த்த மரங்களை வெட்டிக்கொள்ள வழிசெய்யும் ஆணை ஒன்றைக் கேரள அரசு 2020 அக்டோபர் 24 அன்று வெளியிட்டது. அதைச் சாக்காக வைத்து வயநாடு மாவட்டம் முட்டிலில் அரசுக்கு உரிய ஈட்டி மரங்கள் வெட்டப்பட்டன. கட்டைகள் மாவட்டம் தாண்டி எறணாகுளம் பக்கத்து மில் வரை போய்விட்டன. 2021 பிப்ரவரியில் ஆணை திரும்பப் பெறப்பட்டது. நில உரிமையாளர்கள் எழுதியதாகக் கொடுக்கப்பட்ட கடிதங்கள் போலி என்று தடயவியல் ஆய்வு கூறியது. பறிமுதலான கட்டைகளையும் வயலில் நின்ற அடிக்கட்டைகளையும் பீச்சியில் உள்ள கேரள வன ஆராய்ச்சி நிறுவனம் மரபணு வழியே ஒப்பிட்டது. அவற்றுள் சில மரங்கள் பல நூறு ஆண்டு வயதானவை. அரசாணை இருந்தது, நில உரிமையாளரின் கடிதமும் இருந்தது. அந்தக் கடிதத்தின் கையெழுத்து உரியவருடையதா, ஆணை இந்த மரத்துக்குப் பொருந்துமா என்று கேட்க ஆளில்லாமல் போனதுதான் குறை.

கப்பலில் வரும் மரம்

வெளிநாட்டு மரத்துக்குக் காகிதம் கட்டுக்கட்டாக இருக்கும். சுங்க இறக்குமதிப் பதிவு, கப்பல் சரக்குச் சீட்டு, பிறப்பிடச் சான்று, பூச்சிநோய் இல்லை என்ற தாவரச் சுகாதாரச் சான்று, புகையூட்டிய சான்று ஆகியவை அதில் இருக்கும். இவற்றில் எதுவும் மரம் சட்டப்படி வெட்டப்பட்டது என்று கூறுவதில்லை. பிறப்பிடச் சான்று நாட்டின் பெயரைச் சொல்லும். தாவரச் சுகாதாரச் சான்று புழு இல்லை என்று சொல்லும். களவாடிய மரத்திலும் புழு இல்லாமல் இருக்கலாம்.

இங்கே இரண்டு விஷயங்கள் வாங்குபவருக்குப் பிடிமானம் தரும். ஒன்று, மரம் வந்த நாட்டின் சட்டம். மியன்மார் 2014 ஏப்ரல் 1 முதல் உருட்டுக்கட்டை ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகவே அதற்குப் பின் புதிதாக வந்த ‘பர்மாத் தேக்கு உருட்டு’ என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சே சந்தேகத்துக்கு உரியது. 2021இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபின், அந்நாட்டு அரசு மர நிறுவனத்தின் மீது ஐரோப்பிய ஒன்றியம் தடை விதித்தது. இன்னொன்று, அழியும் ஆபத்தில் உள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கை. 1975இல் நடைமுறைக்கு வந்த இதில் இந்தியா 1976இல் சேர்ந்தது. ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் ஏறக்குறைய முழுதும் 2017 ஜனவரி 2 முதல் இதன் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. 2022 நவம்பரில் பனாமாவில் கூடிய மாநாடு ஆப்பிரிக்காவின் படாக் வகை மரங்களையும் அப்பட்டியலில் சேர்த்தது. ஆப்பிரிக்கப் படாக் என்று விற்கும் கதவுப் பலகைக்கு ஏற்றுமதி நாட்டின் சைட்டிஸ் அனுமதி இருக்கிறதா என்று கேட்பது இப்போது நியாயமான கேள்வி.

உலக மர வணிகத்தில் 15 முதல் 30 விழுக்காடு வரை சட்டவிரோதமானது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டமும் இன்டர்போலும் 2012இல் மதிப்பிட்டன. இத்தகைய வணிகத்தைத் தடுக்கத்தான் வாங்கும் நாடுகளும் பொறுப்பேற்கத் தொடங்கின. அமெரிக்கா தன் பழைய லேசி சட்டத்தை 2008இல் திருத்தி மரத்தையும் அதற்குள் கொண்டுவந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் மர ஒழுங்குமுறை 2013 மார்ச் 3 முதல் நடைமுறைக்கு வந்தது. 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்திலிருந்து வரும் பொருள் கூடாது என்று ஒன்றியம் 2023இல் இன்னும் கடுமையான சட்டத்தை இயற்றியது, ஆனால் அதன் செயலாக்கம் தள்ளிப்போடப்பட்டது. இந்தோனேசியா தன் மரம் முழுவதையும் உள்நாட்டிலேயே சரிபார்த்து, 2016 நவம்பர் 15 முதல் ஐரோப்பாவுக்கு உரிமத்தோடு அனுப்பும் முதல் நாடானது.

சட்டத்துக்கு அப்பால்

ஒரு மரம் வெட்டப்பட்ட வேகத்தில் இன்னொன்று வளர்ந்தால்தான் அது நீடித்த பயன்பாடு. அடுத்த மலையிலேயே இதற்கு ஒரு வரலாறு உண்டு. ஆனைமலை டாப்சிலிப்பில் ரயில் பாதைக்கும் கப்பலுக்கும் தேக்கை வெட்டி வெட்டிக் காடு ஓய்ந்துபோன பின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்த வன அதிகாரி ஹியூகோ வுட், வெட்டுவதற்கு வரம்பு கட்டித் தேக்கை மீட்டெடுத்தார். கைத்தடியால் குழி போட்டு விதை இட்டுக்கொண்டே நடப்பாராம். அவர் கல்லறையும் அங்கேதான் இருக்கிறது.

இப்படிப்பட்ட மேலாண்மை நடக்கிறது என்று வெளியார் ஒருவர் தணிக்கை செய்து சொல்வதுதான் சான்றிதழ் முறை. 1993இல் தொடங்கிய எஃப்எஸ்சி, 1999இல் தொடங்கிய பிஇஎஃப்சி ஆகிய இரண்டு சான்றிதழ் அமைப்புகளும் உலகளவில் பெரியவை. இந்தியாவில் 2015இல் என்சிசிஎஃப் என்னும் அமைப்பு உருவாகி, அதன் தரநிலையைப் பிஇஎஃப்சி ஏற்றுக்கொண்டது. 2023 டிசம்பரில் மத்திய அரசும் இந்திய வனம் மற்றும் மரச் சான்றிதழ் திட்டத்தை அறிவித்தது. போபாலில் உள்ள இந்திய வன மேலாண்மை நிறுவனம் அதை நடத்துகிறது. காட்டுக்கு மட்டுமின்றி, காட்டுக்கு வெளியே விவசாயி வளர்க்கும் மரத்துக்கும் சான்று தர அதில் வழி இருப்பது நம் ஊர்களுக்கு முக்கியமானது.

முத்திரை குத்திய பலகையைப் பார்த்ததும் நம்பிவிடுவதும் தவறு. சான்றிதழ் இரண்டு வகை. காட்டை நன்றாக நிர்வகிப்பதற்கு ஒன்று, அந்தக் காட்டு மரம் கைமாறும் வழியில் வேறு மரத்தோடு கலக்கவில்லை என்பதற்கு இன்னொன்று. காட்டுக்குச் சான்று இருந்து, நடுவில் ஒரு வியாபாரிக்கு அது இல்லாமல் போனால் சங்கிலி அங்கேயே அறுந்தது. ‘எஃப்எஸ்சி 100%’ என்றால் முழுதும் சான்றுபெற்ற காட்டு மரம். ‘மிக்ஸ்’ என்றால் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட வேறு மரமும் கலந்தது. ‘ரீசைக்கிள்டு’ என்றால் பழையதை மீட்டு ஆக்கியது. கடைச் சுவரில் சட்டம்போட்டு மாட்டிய சான்றிதழ் அந்தக் கடைக்கு உரியதே தவிர, அங்குள்ள எல்லா மரத்துக்கும் உரியது அன்று. வாங்கும் பொருளுக்கான ரசீதிலேயே அந்த வாசகமும் சான்று எண்ணும் அச்சாகியிருக்க வேண்டும். அந்த எண்ணை அமைப்பின் இணையப் பட்டியலில் தட்டினால் சான்று இன்னும் செல்லுபடியா, இந்த வகை மரமும் அதில் அடங்குமா என்று ஒரு நிமிடத்தில் தெரியும்.

பிரிட்டன் அரசு தன் கொள்முதலுக்குச் சட்டபூர்வமான, நீடித்த மரமே வேண்டும் என்று 2009 ஏப்ரல் முதல் விதித்தபோது சான்றுகளை இரண்டாகப் பிரித்தது. அங்கீகரித்த சான்றிதழ்கள் ஒரு வகை. அவை இல்லாதபோது, காட்டிலிருந்து கடை வரையிலான மற்ற ஆவணங்கள் இன்னொரு வகை. இரண்டாவது வகையை ஏற்றாலும் அதைத் துருவிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நம் ஊர் வரப்புத் தேக்குக்கு எஃப்எஸ்சி முத்திரை கேட்க முடியாது. ஆகவே ஒட்டன்சத்திரத்தில் வாங்குபவருக்கு அந்த இரண்டாம் வழியே நடைமுறைக்கு ஒத்தது.

முத்திரை இல்லாத மரத்தை எடைபோடுதல்

இந்தியாவின் 1988 வனக் கொள்கை, தொழிலுக்கு வேண்டிய மரம் இயற்கைக் காட்டிலிருந்து அல்லாமல் வளர்ப்பு மரத்திலிருந்து வர வேண்டும் என்றது. அந்த நோக்கில், நட்டு வளர்த்த பட்டா மரத்துக்கு முதல் மதிப்பெண். அது எத்தனை வயதில் வெட்டப்பட்டது, அதே இடத்தில் மறுபடி நட்டார்களா, அடிக்கட்டை துளிர்க்க விட்டார்களா, ஓடைக்கரையிலும் செங்குத்துச் சரிவிலும் நின்ற மரங்களை விட்டுவைத்தார்களா என்ற கேள்விகளைத் தோட்டக்காரரிடமே கேட்கலாம். பக்கத்து ஊர்த் தோட்டம் என்றால் போய்ப் பார்த்தும் வரலாம். வெளிநாட்டுக் கொள்முதல்காரருக்குக் கிடைக்காத வசதி இது.

மர இனத்தைத் தேர்ந்தெடுப்பதும் சான்றுச் சுமையைக் குறைக்கும். மலைவேம்பு, குமிழ் போன்றவை சில ஆண்டுகளிலேயே பலன் தரும் வளர்ப்பு மரங்கள். உள்ளறைக் கதவுக்கும் அலமாரிக்கும் வேம்பும் பூவரசும் தலைமுறைகளாகப் பயன்பட்டவை. எங்கும் மண்டிக்கிடக்கும் சீமைக்கருவேலத்தை அடுப்புக்கும் கரிக்கும் வெட்டுவதால் காடு கெடாது. மாறாக, காட்டு ஈட்டிக்கும் வேங்கைக்கும் எவ்வளவு காகிதம் காட்டினாலும் அவை வளர எடுக்கும் காலத்தை மறக்கக் கூடாது. அந்த மரங்களில் சட்டபூர்வம் என்ற சொல்லுக்குள் நீடித்த பயன்பாடு தானாக அடங்கிவிடாது.

பழைய மரம் புதிதாக எதையும் வெட்ட வைக்காததால் நீடித்த பயன்பாட்டில் அதற்கு ஈடில்லை. ஆனால் புதிதாக அறுத்த திருட்டு மரத்தைப் ‘பழசு’ என்று தள்ளிவிடவும் இந்த வழி உதவும். ஆணித்தொளை, பழைய பொருத்துவெட்டு, மங்கிய வர்ணம், பல்லாண்டுப் புகை இவையெல்லாம் இருக்கின்றனவா, எந்த ஊரில் எந்தக் கட்டடத்தை இடித்த மரம் என்று விற்பவர் ரசீதில் எழுதித் தருகிறாரா என்று பார்க்க வேண்டும். சாலையோர மரம் என்றால் ஏல ஆணையின் நகலைக் கேட்கலாம். அரசு நிலத்து மரங்களை வெட்டுவதை முறைப்படுத்த மாவட்டப் பசுமைக் குழுக்கள் இருக்கின்றன. முறைப்படி வெட்டிய மரத்துக்கு எங்காவது ஒரு கோப்பு இருக்கும்.

தீர்ப்பு சொல்லும் முறை

சான்றுகளை எடைபோடும்போது வரிசை ஒன்று உதவும். தனியாக நின்று தணிக்கை செய்தவர் தந்த, எண்ணை வைத்துச் சரிபார்க்கக்கூடிய சான்று முதலிடம். அரசு அலுவலகம் தந்த, அந்த அலுவலகத்திலேயே கேட்டு உறுதிசெய்யக்கூடிய சீட்டு அடுத்தது. விற்பவர் தானே எழுதித் தரும் உறுதிமொழி அதற்குக் கீழே. வாய்ச்சொல் கடைசி. எந்த வரிசையில் இருந்தாலும் நான்கு விஷயங்கள் எல்லாக் காகிதத்திலும் ஒத்துப்போக வேண்டும்: மர இனம், அளவு, இடம், தேதி. ஒன்று இடறினாலும் விளக்கம் கேட்க வேண்டும். விளக்கம் வராவிட்டால் அந்த மரத்தை விட்டுவிடலாம். சீட்டில்லாப் பட்டியல் மரம் பிடிபட்டால் மரத்தோடு வண்டியும் பறிமுதலாகலாம். மலிவு விலையில் அந்த ஆபத்தின் விலை சேர்ந்திருக்காது.

கடைக்காரரிடம் இதையெல்லாம் கேட்பது சண்டை பிடிப்பது ஆகாது. நேர்மையாகத் தொழில் செய்பவருக்கு இந்தக் கேள்விகள் சாதகமானவை. பர்மிட் கட்டணமும் உரிம அலைச்சலும் சுமந்தவர், எதுவும் சுமக்காதவரோடு விலையில் போட்டியிட வேண்டியிருக்கிறது. ரசீதில் வெறும் ‘மரம்’ என்று இல்லாமல் மரத்தின் பெயர், கன அடி, வந்த இடம், பர்மிட் எண் நான்கும் எழுதித் தரச் சொல்வது வாங்குபவரின் உரிமை.

முன்வாசல் நிலை வைக்கும் நாளில் மஞ்சள் பூசி, குங்குமம் இட்டு, மாவிலை கட்டி, அடியில் நவதானியமும் காசும் வைக்கிற வழக்கம் இந்தப் பக்கத்தில் பல வீடுகளில் உண்டு. அன்றே இன்னொன்றும் செய்யலாம். மர ரசீதையும் பர்மிட் நகலையும் எடுத்து, வீட்டுப் பத்திரம் இருக்கும் பெட்டியிலேயே வைத்துவிடலாம்.